எதிர்பாராத குணத்துக்கே காப்புரிமை

திண்டிவனத்தைச் சுற்றியுள்ள கல் கிரஷர்களில் கருங்கல்லைக் கடித்து நொறுக்கும் ஜா பிளேட், மாங்கனீஸ் எஃகில் வார்த்தது. விழுப்புரம் போன்ற பெரிய ரயில் சந்திப்புகளில் ஒரு தண்டவாளம் இன்னொன்றை வெட்டிக் கடக்கும் இடம் உண்டு. அங்கே ஒவ்வொரு சக்கரத்தின் அடியையும் வாங்கிக்கொள்வதற்கு இந்திய ரயில்வே போடும் வார்ப்புக் கிராசிங்கும் அதே எஃகுதான். அடி விழ விழ அதன் மேற்பரப்பு இறுகும். உள்ளே உடையாத தன்மை அப்படியே நிற்கும். அதில் இருப்பவை இரும்பும், 11 முதல் 14 விழுக்காடு மாங்கனீஸும், ஏறத்தாழ ஒரு விழுக்காடு கரியும். 1882-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ராபர்ட் ஹாட்ஃபீல்டு என்ற இளைஞர் இந்த எஃகைக் கண்டறிந்தபோது, இந்த மூன்று பொருளையும் அறியாத உருக்காலை அந்த ஊரில் ஒன்றுகூட இல்லை. தெரிந்த பொருள்களைக் கலந்ததில் கண்டுபிடிப்பு எங்கே வந்தது? உலோகக் கலவைக்கு உரிமை கேட்டு யார் வந்தாலும் காப்புரிமை அதிகாரியும் நீதிபதியும் கேட்டாக வேண்டிய கேள்வி இது. சேர்மானப் பட்டியலைப் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. அந்தக் கலவை தந்த குணத்தை, விண்ணப்பம் போட்ட நாளில், துறை அறிந்த ஒருவர் எதிர்பார்த்திருப்பாரா என்று பார்க்க வேண்டும். எதிர்பார்த்திருப்பார் என்றால், விகிதம் எத்தனை புதிதாக இருந்தாலும் உரிமை கூடாது. எதிர்பார்த்திருக்கமாட்டார் என்றால், சேர்மானம் எத்தனை பழையதாக இருந்தாலும் உரிமை தரலாம்.

நம் சட்டத்தின் வாசகமும் இதற்கு இடம் தருகிறது. 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 2005 திருத்தத்துக்குப் பிறகு, ஒரு கண்டுபிடிப்பிடம் இரண்டு விஷயங்களை எதிர்பார்க்கிறது. இருக்கிற அறிவோடு ஒப்பிட்டால் அதில் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இருக்க வேண்டும். கூடவே, அந்தத் துறையில் தேர்ந்த ஒருவருக்கு அது இயல்பாகத் தோன்றிவிடக்கூடியதாக இருக்கக் கூடாது. இதையெல்லாம் உரசிப் பார்க்க வேண்டிய தென்மாநிலக் காப்புரிமை அலுவலகம், விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் சென்னையோடு சேர்க்கும் அதே ஜி.எஸ்.டி. சாலையில், கிண்டியில் இருக்கிறது. அங்கே கொடுக்கப்படும் ஒரு முத்திரை, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு நிற்கும். அந்த 20 ஆண்டும், உரிமையில் எழுதியிருக்கும் விகித வரம்புக்குள் அடங்குகிற எஃகையோ பித்தளையோ வேறு எவரும் அனுமதியில்லாமல் வார்த்து விற்க முடியாது. இத்தனை நீளமான தனியுரிமையைச் சமூகம் கொடுப்பது, தானாக வந்திராத ஒன்றைப் பெற்றதற்கான விலையாக. தானாகவே வந்திருக்கக்கூடியதற்கும் அந்த விலையைக் கொடுத்தால், நட்டம் அடுத்த வார்ப்பட்டறைக்காரருக்கும் அவரிடம் வாங்குகிறவருக்கும்.

உலோகத் தொழிலை ஒட்டி நம் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியை எடை போட்ட வழக்கு ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூரில் பித்தளை, ஜெர்மன் சில்வர் பாத்திரங்கள் செய்துவந்த இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ், பாத்திரத்தை லேத்தில் பிடித்துக் கடைவதற்கான ஓர் அமைப்புக்கு 1951-ல் காப்புரிமை வாங்கியது. அதை எதிர்த்த பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் நிறுவனத்தோடு நடந்த வழக்கு, 1978 டிசம்பரில்தான் முடிவுக்கு வந்தது. பட்டறையில் ஏற்கெனவே இருந்த பிடிப்புமுறையோடு ஒரு நெம்புகோல் போன்ற சிறு மாற்றத்தைச் சேர்த்தது கண்டுபிடிப்பு ஆகாது, அது பட்டறைத் திருத்தம் மட்டுமே என்று நீதிமன்றம் உரிமையை நீக்கியது. அப்போது அது வகுத்த சோதனை இன்றும் நிற்கிறது. அன்றைய பொது அறிவு நிரம்பிய, ஆனால் இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிக் கேள்விப்படாத ஒரு திறமையான தொழிலாளியிடம் பழைய ஆவணத்தைக் கொடுத்தால், 'எனக்கு வேண்டியது இதுதான்' என்று அவர் சொல்லியிருப்பாரா? சொல்லியிருப்பார் என்றால் உரிமை இல்லை. நெம்புகோலுக்கு இந்தச் சோதனையைப் பொருத்துவது எளிது. நெம்புகோல் என்ன செய்யும் என்பதை அதைப் பார்த்தாலே சொல்லிவிடலாம்; கூட ஒன்றை மாட்டினால் என்ன கிடைக்கும் என்று கணக்கும் போடலாம். கலப்பு உலோகத்தில் அந்த வசதி கிடையாது.

குழம்பில் உப்பு கூடினால் கரிப்பு கூடும். உலோகம் அப்படி வரிசைப்படி நடக்காது. செம்பில் பத்து விழுக்காடு வெள்ளீயம் சேர்த்தால் நன்றாக வார்க்கவும் தாங்கவும் கூடிய வெண்கலம் கிடைக்கும். வெள்ளீயத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வார்ப்பு நொறுங்கத் தொடங்கும். அங்கேயே விட்டுவிடாமல் 22, 23 விழுக்காட்டுக்குப் போய், செந்தணலாகக் காய்ச்சி அடித்து, சட்டென்று நீரில் தோய்த்தால், மெல்லியதாகவும் தட்டினால் மணியாக ஒலிப்பதாகவும் பாத்திரம் வரும். ஆதிச்சநல்லூரிலும் நீலகிரியிலும் கிடைத்த பழங்கலங்களில் இந்த வகை உண்டு. இன்னும் மேலே, மூன்றில் ஒரு பங்கு வெள்ளீயம் என்ற அளவில், ஆரன்முளைக் கண்ணாடி வருகிறது. அது முகம் தெரியும் அளவுக்கு மெருகேறும், கீழே விழுந்தால் உடையும். இரண்டே உலோகங்களில் விகிதமும் சூட்டுமுறையும் மட்டும் மாறியதில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று பொருள்கள் வந்துவிட்டன. சட்டத்தின் 3(இ) பிரிவு, சேர்மானங்களின் குணங்களைச் சும்மா கூட்டி வைத்த கலவைக்கு உரிமை இல்லை என்கிறது. உலோகக் கலவைகள் பெரும்பாலும் அந்தத் தடையைத் தாண்டிவிடும். அதைத் தாண்டியதாலேயே கண்டுபிடிப்பு ஆகிவிடாது என்பதுதான் முக்கியம். கலவை தன் சேர்மானங்களைப் போல் நடக்காது என்பது துறை அறிந்த எவருக்கும் தெரிந்த பொதுச் செய்தி. எந்தத் திசையில், எவ்வளவு மாறும் என்பதையும் அவர் முன்கூட்டியே அறிவாரா என்பதுதான் வழக்கு.

ஹாட்ஃபீல்டு எஃகை இந்தத் தராசில் வைத்தால் விடை தெளிவாகிறது. அந்தக் காலத்து எஃகுக்காரர்கள் மாங்கனீஸைச் சிறிதளவே சேர்ப்பார்கள். இரண்டு மூன்று விழுக்காட்டைத் தாண்டினால் எஃகு கெட்டுவிடும் என்பது அவர்கள் பட்டறிவு. அந்தப் பட்டறிவு பொய்யும் இல்லை. இரண்டரை முதல் ஏழரை விழுக்காடு வரை மாங்கனீஸ் உள்ள எஃகைச் சுத்தியலால் அடித்தே தூளாக்கலாம் என்று ஹாட்ஃபீல்டின் சோதனைகளும் காட்டின. அந்தப் பாழ்வெளியைக் கடந்து பத்து விழுக்காட்டுக்கு மேலே போனபோதுதான் எதிர்ப்பக்கம் தெரிந்தது. சாதாரணக் கரி எஃகைச் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்த்தால் அது கடினமாகி நொறுங்கும். இந்த எஃகு நீரில் தோய்த்த பிறகே உறுதியாகவும் வளையக்கூடியதாகவும் ஆயிற்று. பெரும்பகுதி இரும்பாக இருந்தும் காந்தம் இதை இழுக்கவில்லை. இருந்த அறிவு 'போகாதே' என்று சொன்ன திசையில் போய், அந்த அறிவு சொன்னதற்கு நேர்மாறான பலனைக் கண்டவர் 1883-ல் உரிமை பெற்றார். சேர்மானம் பழையது என்ற ஒரே காரணத்துக்காக இதை மறுத்திருந்தால், எந்த உலோகக் கண்டுபிடிப்புக்கும் எந்த நாளும் உரிமை கிடைக்காது. தனிமங்களின் பட்டியல் எவருக்கும் பொதுவானது. புதிய தனிமத்தைச் செய்துகொண்டு யாரும் கிண்டிக்கு வரப்போவதில்லை.

எதிர்த்திசையில் 1985-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த டைட்டானியம் வழக்கு பாடமாகிறது. சூடான உப்புநீரில் அரிப்பைத் தாங்கும் ஒரு டைட்டானியக் கலவைக்கு ஒரு நிறுவனம் உரிமை கேட்டது. அதன் ஒரு கோரிக்கையில் இருந்தது 0.3 விழுக்காடு மாலிப்டினம், 0.8 விழுக்காடு நிக்கல். 1970-லேயே வெளியான ஒரு ரஷ்யக் கட்டுரையின் வரைபடத்தில், 0.25 விழுக்காடு மாலிப்டினமும் 0.75 விழுக்காடு நிக்கலும் கொண்ட கலவை ஒரு புள்ளியாக நின்றது. கட்டுரையில் அரிப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தக் குணத்தை முதலில் கண்டவர்கள் நாங்கள்தான் என்று நிறுவனம் வாதிட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஏற்கெனவே தெரிந்த ஒரு கலவையில் இன்னொரு குணத்தைக் கண்டதால் அந்தக் கலவை புதிதாகிவிடாது. இத்தனை நெருங்கிய இரண்டு விகிதங்கள் ஒரே மாதிரி நடக்கும் என்பதைத் துறை அறிந்தவர் எதிர்பார்ப்பார் என்று தீர்த்தது. நம் சட்டத்தின் 3(டி) பிரிவும், தெரிந்த பொருளின் புதிய குணத்தைக் கண்டறிவது மட்டும் கண்டுபிடிப்பாகாது என்கிறது. ஹாட்ஃபீல்டையும் டைட்டானியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அளவுகோல் கைக்கு வந்துவிடும். பக்கத்துப் புள்ளியிலிருந்து சீராக நீண்டு வரும் குணத்துக்கு உரிமை இல்லை. வரைகோடு எதிர்பாராமல் திரும்பும் இடத்தில் உரிமை உண்டு.

இதில் நாள் என்ற ஒன்று ஒளிந்திருக்கிறது. எதிர்பார்ப்பு என்றால் எந்த நாளின் எதிர்பார்ப்பு? இந்தக் கேள்வியின் கூர்மையை உலகுக்குக் காட்டியவர் நம் தென்னார்க்காட்டோடு தொடர்புடையவர். விழுப்புரமும் திண்டிவனமும் அன்று தாலுகாக்களாக இருந்த அந்த மாவட்டத்தின் பரங்கிப்பேட்டையில், 1830-களில் இரும்பாலை நடத்தியவர் ஜோசியா மார்ஷல் ஹீத். ஆலை அவருக்குச் சோறு போடவில்லை. இங்கிலாந்து திரும்பிய ஹீத், உருக்கும் மூசையில் ஒன்று முதல் மூன்று விழுக்காடு மாங்கனீஸ் கார்பைடைச் சேர்த்தால் மலிவான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு வரும் என்று கண்டு, 1839-ல் காப்புரிமை பெற்றார். பிறகு, கார்பைடைத் தனியாகச் செய்து போடாமல், மாங்கனீஸ் ஆக்சைடையும் கரிப்பொருளையும் நேராக மூசையில் போட்டாலும் அதே பலன், செலவும் குறைவு என்று தெரிந்தது. அவருடைய முகவராக இருந்த அன்வின் அந்த வழியில் தனியாகத் தொழில் செய்யத் தொடங்கினார். வழக்கு பத்தாண்டுக்கு மேல் ஓடி, 1855-ல் பிரபுக்கள் சபையில் அன்வினுக்குச் சாதகமாக முடிந்தது. ஹீத் அப்போது உயிரோடு இல்லை. உரிமை எழுதிய நாளில் இந்த இரண்டாவது வழி ஒரு மாற்றுவழி என்று எவருக்கும் தெரிந்திருக்கவில்லை, எனவே அது அவர் உரிமைக்குள் அடங்காது என்பது தீர்ப்பின் சாரம். இன்று கேட்டால் ஒரு வேதியியல் மாணவர்கூட 'மூசைக்கு வெளியே செய்வதை உள்ளே செய்கிறார்கள், இதில் என்ன புதுமை' என்பார். அன்று பல ஆண்டு வாதாடியும் நீதிபதிகள் ஒரே குரலில் பேச முடியவில்லை. விடை தெரிந்த பிறகு எல்லாமே எளிதாகத் தெரியும். அந்த மயக்கத்திலிருந்து விலகி நிற்பதுதான் இந்தச் சட்டத்தில் ஆகக் கடினமான வேலை. 2015-ல் ரோச்–சிப்லா வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் வகுத்த ஐந்துபடிச் சோதனையும், பின்னறிவை விலக்கிவிட்டே முடிவெடுக்க வேண்டும் என்றுதான் முடிகிறது.

அதே ஹீத்திடமிருந்து இன்னொரு பாடமும் கிடைக்கிறது, அது நமக்கு இன்னும் நெருக்கமானது. 1839-ல் அவர் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இதழில் இந்திய எஃகைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நம் கொல்லர்கள் தேனிரும்பைத் துண்டாக்கி, நெல் உமி கலந்த களிமண் மூசையில் இட்டு, ஆவாரங்குச்சியைச் சேர்த்து, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து, உலையில் இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். இந்த முறையில் இரண்டு ஆங்கிலக் காப்புரிமைகளின் தத்துவம் அடங்கியிருக்கிறது என்று ஹீத் காட்டினார். ஒன்று, இரும்பைக் கரியோடு உருக்கி எஃகு செய்ய டேவிட் முஷெட் 1800-ல் பெற்றது. மற்றது, கரி கலந்த வாயுவை இரும்பின் மேல் செலுத்தி எஃகாக்க, மழைக்கோட்டுக்குப் பெயர் தந்த சார்லஸ் மாக்கின்டாஷ் 1825-ல் பெற்றது. மூடிய மூசைக்குள் பச்சிலையிலிருந்து எழும் வாயு வெளியேற வழியில்லாமல் இரும்போடு சேர்ந்துவிடுகிறது என்பது ஹீத்தின் விளக்கம். பழைய தென்னார்க்காட்டின் மேல்சிறுவளூரில் அப்படிப்பட்ட மூசைத் துண்டுகளை உலோகவியல் ஆய்வாளர் சாரதா ஸ்ரீநிவாசன் 1990-களில் கண்டு எழுதினார். லண்டன் அதிகாரிகளுக்கு இந்தக் கொல்லர்களைத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைய சட்டம் அவர்களைக் கணக்கில் எடுத்திருக்காது. இன்றைய இந்தியச் சட்டம் எடுக்கிறது. 25(1) பிரிவின்படி, அச்சில் வந்ததை மட்டுமல்லாமல், இந்தியாவில் ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்ததையும் வைத்து ஒரு கண்டுபிடிப்பு எளிதில் தோன்றக்கூடியதா என்று வாதிடலாம். ஓர் உள்ளூர்ச் சமூகத்திடம் வாய்மொழியாக இருந்த அறிவையும் எதிர்ப்புக்குக் காரணமாகக் காட்டலாம்.

இந்த அளவுகோலுக்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது இது: எதிர்பாராத பலன் என்பது அதிர்ஷ்டத்துக்குப் பரிசு கொடுப்பதாகாதா? நூறு கலவையை வார்த்துப் பார்க்கிற பணபலம் உள்ள ஆய்வுக்கூடத்துக்கு நூற்றில் ஒன்றாவது வித்தியாசமாக வரும். யார் செய்தாலும் வந்திருக்கும். இதில் கண்டுபிடிப்பு எங்கே என்று கேட்கலாம். ஆட்சேபம் பாதி சரி. தேட வேண்டிய இடம் சிறியதாக, கைகாட்டி நாட்டியதாக இருந்து, அங்கே கிடைக்கும் பலனும் முன்பே ஊகிக்கத்தக்கதாக இருந்தால், அந்தத் தேடல் வழக்கமான வேலை. அதற்கு உரிமை கூடாது. 2007-ல் கே.எஸ்.ஆர். வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய இதுவே. தேட வேண்டிய பரப்பு கடலாக இருந்து, எந்தப் பக்கம் போவது என்று காட்ட எவருமில்லாமல், இருந்த அறிவு எதிர்த்திசையைக் காட்டியிருந்தால் கதை வேறு. மெனக்கெட்டுப் போனவரின் துணிவுக்கும், போன வழியைத் திறந்து எழுதிக் கொடுத்ததற்கும்தான் அங்கே பரிசு. அது தற்செயலாகக் கைக்கு வந்ததா, கணக்குப் போட்டு வந்ததா என்று சட்டம் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது.

கணினி வந்த பிறகு இந்தப் பேச்சுக்கே இடமில்லை என்பது இரண்டாவது மறுப்பு. எந்த விகிதத்தில் எந்தக் கட்டமைப்பு உருவாகும் என்று கணித்துச் சொல்லும் மென்பொருள்கள் இன்று ஆய்வுக்கூடங்களில் சாதாரணம். அவற்றுக்கு எல்லாமே 'தோன்றிவிடும்' அல்லவா? இந்த மறுப்பு அளவுகோலை உடைக்கவில்லை, அதன் கோட்டை உயர்த்துகிறது. துறை அறிந்தவர் என்று சட்டம் கற்பனை செய்யும் அந்த மனிதர் காலத்தோடு வளர்கிறவர். 1882-ன் ஆளிடம் சுத்தியலும் உலையும் இருந்தன. இன்றைய ஆளிடம் கணினியும் இருக்கிறது. மென்பொருள் வழக்கமாகச் சொல்லிவிடக்கூடியது இனிக் கண்டுபிடிப்பாகாது என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆனாலும் கணிப்பு தோற்கும் இடங்கள் தீர்ந்துவிடவில்லை. இரும்பு, கோபால்ட், நிக்கல், குரோமியம், மாங்கனீஸ் ஐந்தையும் சம பங்கில் சேர்த்தால் சிடுக்கான, நொறுங்கும் சேர்மங்கள்தான் வரும் என்று நினைக்கப்பட்ட காலத்தில், எளிய ஒற்றைக் கட்டமைப்பு வருகிறது என்று பிரிட்டனின் பிரையன் காண்டரின் குழு 2004-ல் எழுதியது. அதே ஆண்டில் தைவானின் யே ஜியன்-வெய் குழுவும் அந்தத் திசையில் எழுதியது. தனிமங்கள் அதே பழையவைதான், எதிர்பார்ப்புதான் அடிவாங்கியது.

மூன்றாவது மறுப்பு சிறிய ஆட்களிடமிருந்து வரும்: எதிர்பாராத பலனைச் சோதனை எண்ணால் காட்டச் சொன்னால் அது எங்களை விரட்டிவிடும் என்பார்கள். அதை ஓர் உள்ளூர் உதாரணத்தில் வைத்துப் பார்க்கலாம். விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை இருக்கிறது. எந்தச் சர்க்கரை ஆலையிலும் கரும்பை நசுக்கும் ரோலரின் பல் தேயும். தேய்ந்தால் கரும்பு வழுக்கும். அதனால் ரோலர் சுழன்றுகொண்டிருக்கும்போதே, சாறு வழிய வழிய, வெல்டர்கள் அந்தப் பற்களின் மேல் குரோமியமும் கரியும் மிகுந்த ராடால் பொட்டுப் பொட்டாகப் பற்றவைப்பார்கள். ஒரு ராடு நிறுவனம் குரோமியத்தை இரண்டு விழுக்காடு கூட்டி, கரியைச் சற்றுக் குறைத்து, 'தேய்மானம் குறையும்' என்று ஒரு வரி எழுதி உரிமை கேட்பதாக வைத்துக்கொள்வோம். குரோமியம் கூடினால் தேய்மானம் குறையும் என்பது அந்த வெல்டர் முதல் ராடு செய்யும் பொறியாளர் வரை எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு குறையும் என்பதும் பழைய அட்டவணையிலிருந்து கிட்டத்தட்டத் தெரியும். இது எதிர்பார்த்த பலன், உரிமை இல்லை. இன்னொருவர், கடினத்தைக் குறைத்து, ஈரத்திலும் சாற்றின் புளிப்பிலும் பொட்டு உதிராமல் பிடித்து நிற்கும் ஒரு சேர்மானத்தைக் கொண்டுவருகிறார். கடினம் குறைந்தால் ஆயுள் குறையும் என்பதே அதுவரை துறையின் நம்பிக்கை. அவருடைய பொட்டு இரு மடங்கு நாள் நிற்கிறது என்று பழைய ராடோடு ஒரே ரோலரில் வைத்துக் காட்டினால், அவர் சிறிய பட்டறைக்காரரே ஆனாலும் உரிமைக்குத் தகுதியானவர். சோதனை எண் கேட்பது சிறியவர்களை விரட்டும் என்பது பலவீனமான வாதம். கடினச் சோதனையும் தேய்மான எடைக் கணக்கும் எட்டாத செலவு இல்லை. தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான். எண் இல்லாமல் பெரிய நிறுவனம் எழுதும் அகலமான விகித வரம்புதான் சிறியவரின் கழுத்தில் உண்மையில் விழும் சுருக்கு.

ஆகவே மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். முதலாவது, உலோகக் கலவைக்கு உரிமை கேட்கும் விண்ணப்பத்தில், கோரும் விகித வரம்புக்குச் சற்று உள்ளேயும் சற்று வெளியேயும் வார்த்த மாதிரிகளின் சோதனை எண்கள், ஏற்கெனவே தெரிந்த ஆக நெருங்கிய கலவையின் எண்ணோடு அருகருகே இருப்பதை அலுவலகம் வழக்கமாகவே கேட்க வேண்டும். வரம்பின் உள்ளும் புறமும் ஒரே மாதிரி எண் வந்தால், அந்த வரம்பு அறிவால் வந்ததில்லை, வழக்கறிஞரின் பேனாவால் வந்தது. எண் திரும்பும் இடம் எதுவோ அதுவரை மட்டும் உரிமை தந்தால் போதும். இரண்டாவது, மறுப்பதானாலும் அதிகாரி காரணத்தோடு மறுக்க வேண்டும். பழைய அறிவு எது, கண்டுபிடிப்பு எது, அதிலிருந்து இதற்குத் துறை அறிந்தவர் எப்படி வந்திருப்பார் என்ற மூன்றையும் உத்தரவில் எழுதியாக வேண்டும் என்று 2022-ல் அக்ரிபோர்டு வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. நான்கு பழைய ஆவணங்களை அடுக்கி, இவற்றைச் சேர்த்தால் இது வந்துவிடும் என்று ஒரே வரியில் தள்ளுவது ஹாட்ஃபீல்டுகளைக் கொல்லும் வழி. கிண்டி அலுவலகத்தின் உத்தரவை எதிர்க்கும் மேல்முறையீடுகள் இப்போது சென்னை உயர் நீதிமன்றத்துக்கே வருகின்றன. அங்கே தனி அறிவுசார் சொத்துப் பிரிவும் இருக்கிறது. உலோக வழக்குகளில் இந்தக் கட்டுப்பாட்டை நிலைநிறுத்த அதுவே சரியான இடம்.

மூன்றாவது காரியம் அரசிடம் மட்டும் இல்லை. விண்ணப்பங்கள் காப்புரிமை இதழில் வெள்ளிதோறும் இணையத்தில் வெளியாகின்றன. உரிமை வழங்கும் முன் எவர் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். வழங்கிய பிறகும், மீறல் வழக்கில் மாட்டிக்கொண்ட பட்டறைக்காரர், இது எளிதில் தோன்றக்கூடியதுதான் என்பதையே தன் தற்காப்பாக வைக்கலாம். ஆனால் நீதிமன்றத்தில் நிற்க வாய்ச்சொல் போதாது; எந்த நாளில், எந்தக் கலவை, எந்த வேலைக்குப் போனது என்று காட்டும் தாள் வேண்டும். தேதியிட்ட பில், உருக்குக் கணக்கு நோட்டு, ஒரு சோதனைச் சான்று என்று இவ்வளவு இருந்தாலே பட்டறையின் பழக்கம் சட்டத்தின் கண்ணில் அறிவாகிவிடும். அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் விழுப்புரத்திலும் இருக்கின்றன, திண்டிவனத்திலும் இருக்கின்றன. சுற்றுவட்டார வெல்டிங் பட்டறைகளும் வார்ப்பட்டறைகளும் பயன்படுத்தும் கலவைகளைச் சோதித்து, தேதியோடு வெளியிடும் வேலையை அவற்றின் மாணவர் திட்டங்களில் சேர்ப்பதற்குப் பெரிய நிதி எதுவும் தேவைப்படாது. வெளியான அந்த ஒவ்வொரு பக்கமும், நாளை யாராவது அதே கலவைக்குத் தனியுரிமை கேட்டு வந்தால் காப்புரிமை அதிகாரியின் மேசையில் வைக்கக்கூடிய சான்று. மேல்சிறுவளூர்க் கொல்லர்களின் பெயரில் அப்படி ஒரு பக்கம்கூட லண்டனில் இருக்கவில்லை. அவர்கள் அறிந்ததை வேறொருவர் புதிது என்று பதிவுசெய்ய முடிந்தது அதனால்தான். அடுத்த உரிமை எழுதப்படும் முன், நம் பட்டறைகளுக்கு என்ன தெரியும் என்பதை நாமே தேதி போட்டு எழுதிவைக்க வேண்டும். எது உண்மையில் எதிர்பாராதது என்று சொல்லும் தகுதி அப்போதுதான் நம் அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் முழுமையாக வரும்.